ஆய்வு முறைகளை முதல் பருவத்திலேயே தொடங்குங்கள்

உளவியல் இளநிலைப் பட்டத்தில் சேர வருகிற பிள்ளைகளிடம் ஏன் இந்தப் படிப்பு என்று கேட்டால் கனவு, ஆழ்மனம், குற்றவாளிகளின் மனம், நாலு பேருக்கு உதவ வேண்டும் என்ற ஆசை என்று பல பதில்கள் வரும். ஆய்வு முறைகளுக்காக வந்தேன் என்று ஒருவரும் சொன்னதில்லை. அந்தப் பாடத்தைத்தான் நான் நடத்துகிறேன். தாம்பரத்துக்குத் தெற்கே புறநகர்க் கல்லூரி ஒன்றில் வேலை, வீடு சிறுசேரியில். மூன்றாண்டுப் படிப்பில் ஒரே ஒரு பாடத்தைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது கட்டாயப்படுத்தினால் இதை வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுவேன். ஃப்ராய்டையும் ஸ்கின்னரையும் நாற்பது வயதிலும் படித்துக்கொள்ளலாம். ஒரு மனிதரிடம் எப்படிக் கேட்பது, அவர் சொன்னதை வைத்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் இளம் வயதில் கைக்கு வந்தால்தான் உண்டு.

அந்தப் பழக்கம் வருவதற்கு நம் கல்லூரிகள் வழி செய்யவில்லை என்பது என் வருத்தம். நான் அறிந்த பாடத்திட்டங்களில் ஆய்வு முறைகள் மூன்றாம் ஆண்டில்தான் தலைகாட்டுகிறது. புள்ளியியல் அதற்கு முன்பே வேறொரு பருவத்தில், உளவியலோடு ஒட்டாமல், சூத்திரங்களாக நடந்து முடிந்திருக்கும். ஆய்வுக்கூடப் பயிற்சி இன்னொரு பக்கம் ரெக்கார்டு நோட்டு எழுதுவதாகப் போய்க்கொண்டிருக்கும். மூன்றும் ஒரே பாடம்தான் என்று மாணவர்களுக்குத் தெரிவதற்குள் கடைசிப் பருவம் வந்துவிடுகிறது. கூடவே ப்ராஜெக்ட்டும் வந்துவிடுகிறது.

ஜனவரி பிறந்ததும் பழைய மகாபலிபுரம் சாலை நெடுகிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாட்ஸ்அப் குழுக்களில் கூகுள் ஃபார்ம்கள் வரத் தொடங்கும். தலைப்பு அநேகமாக ஒன்றுதான்: ஊழியர்களின் மன அழுத்தமும் பணி நிறைவும். நூறு பேர் நிரப்பினால் போதும். மாணவியின் அண்ணன் நிரப்புவார், அவருடைய அலுவலக நண்பர்கள் நிரப்புவார்கள், குடியிருப்பில் இரக்கப்பட்ட சிலர் நிரப்புவார்கள். வந்த எண்கள் எக்செல் கோப்பாகி ஒரு ப்ராஜெக்ட் சென்டருக்குப் போகும். பணம் கட்டினால் எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளின் அட்டவணை, விளக்கம், ஸ்பைரல் பைண்டிங் எல்லாம் அங்கேயே முடிந்துவிடும். வைவாவில் உட்கார்ந்து, "ஒட்டுறவு எண் மைனஸ் 0.3 என்று போட்டிருக்கிறாயே, அதற்கு என்னம்மா அர்த்தம்?" என்று கேட்டால் அந்தப் பெண் தலையைக் குனிந்துகொள்வாள். அவள் சோம்பேறி இல்லை. மூன்று ஆண்டுகளில் ஒரு தடவைகூட ஒரு எண் எப்படிப் பிறக்கிறது என்பதைப் பக்கத்திலிருந்து பார்க்கும் வாய்ப்பை நாம் அவளுக்குக் கொடுக்கவில்லை.

அந்த நூறு பேர் யார் என்பதிலிருந்தே பேசலாம். சிறுசேரி சிப்காட் ஐ.டி. பூங்கா வாசலில் காலை எட்டரை மணிக்கு நின்றால் கம்பெனி பஸ்ஸிலிருந்து அடையாள அட்டையோடு இறங்குகிற பொறியாளர்கள்தான் கண்ணில் படுவார்கள். அவர்களுக்கு வெகு நேரம் முன்னரே ஷேர் ஆட்டோவிலும் வேனிலும் வந்து உள்ளே போய்விட்ட ஹவுஸ்கீப்பிங் பெண்கள், கேன்டீன்காரர்கள், ஷிப்ட் மாறுகிற செக்யூரிட்டிகள், இரவெல்லாம் வண்டி ஓட்டிவிட்டு சீட்டைச் சாய்த்துத் தூங்குகிற கேப் டிரைவர்கள் இருக்கிறார்கள். தகரக் கொட்டகையில் தங்கிப் பல மாடிக் கட்டடங்களை எழுப்புகிற ஒடிசா, பிகார், வங்காளத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். பூங்கா வருவதற்கு முன்பிருந்தே இந்த மண்ணில் வாழ்கிற, இன்றும் மாடு கட்டியிருக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. 'சிறுசேரிப் பகுதி ஊழியர்களின் மன அழுத்தம்' என்று அட்டையில் அச்சடித்த ஆய்வில் இவர்களில் ஒருவர்கூட இல்லை. ஆங்கிலத்தில் வந்த அந்த ஃபார்ம் இவர்கள் போனுக்கு வராது, வந்தாலும் திறக்கப்படாது.

ஆளைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று மாணவர்கள் நினைப்பார்கள். அப்போது 1936-ஆம் ஆண்டு அமெரிக்கத் தேர்தலைச் சொல்வேன். லிட்டரரி டைஜஸ்ட் என்ற வார இதழ் சுமார் ஒரு கோடி பேருக்கு வாக்குச்சீட்டு மாதிரியை அனுப்பியது. 23 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பதில் போட்டார்கள். ரூஸ்வெல்ட் தோற்பார், லாண்டன் ஜெயிப்பார் என்று இதழ் எழுதியது. லாண்டன் ஜெயித்தது இரண்டே மாநிலங்களில். இதழ் முகவரிகளை எடுத்தது பெரும்பாலும் டெலிபோன் டைரக்டரியிலிருந்தும் கார் வைத்திருப்போர் பட்டியலிலிருந்தும். பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் போனும் காரும் இல்லாதவர்கள் வேறு பக்கம் நின்றார்கள். பதில் போட மெனக்கெட்டவர்களும் எல்லோரையும் போன்றவர்கள் இல்லை. ஏறத்தாழ 50,000 பேரைக் கேட்ட கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் கேலப் சரியாகச் சொன்னார். இந்தக் கதையைச் சொன்ன நாளில் வகுப்பில் பேச்சு எழும். நம் ஊரில் வாட்ஸ்அப் குழு என்பது யாருடைய பட்டியல் என்று அவர்களே கேட்கத் தொடங்குவார்கள்.

அதனால் என் மாணவர்களை வெளியே அனுப்புகிறேன். பூங்காவுக்கு வெளியே டீக்கடைகள் இருக்கின்றன, மதியம் ஷிப்ட் விடும் நேரத்தில் கூட்டம் நிற்கும். ஒரு மாணவி, தமிழில் அச்சடித்த வினாத்தாளோடு ஒரு ஹவுஸ்கீப்பிங் அம்மாவிடம் போனாள். ஐந்து கட்டங்கள்: முற்றிலும் உடன்படுகிறேன் என்பதிலிருந்து முற்றிலும் மறுக்கிறேன் வரை. "எல்லாம் நல்லாதான் இருக்கு கண்ணு. நீ எது போட்டா உனக்கு மார்க்கு வருமோ அதையே போட்டுக்க" என்று அந்த அம்மா சொல்லிவிட்டார். கம்பெனி ஆள் என்று நினைத்துவிட்டாரோ என்று மாணவி கழுத்தில் மாட்டியிருந்த அடையாள அட்டையைக் கழற்றிப் பையில் வைத்தாள். பேனாவையும் மூடினாள். பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தாள். அப்புறம்தான் பேச்சு வந்தது. ஷிப்ட் முழுக்க உட்கார முடியாதது, எந்தத் தளத்துக் கழிப்பறையை அவர்கள் பயன்படுத்தலாம் என்ற கட்டுப்பாடு, பஸ்ஸைத் தவறவிட்டால் அரை நாள் சம்பளம் போவது, மேஸ்திரி மாறினால் வேலை இருக்குமா என்ற பயம். திரும்பி வந்த மாணவி என்னிடம் கேட்டாள்: "மேடம், அளவுகோல்படி அந்த அம்மாவுக்கு ஸ்ட்ரெஸ்ஸே இல்ல. ஆனா அவங்க சொன்னது வேற. நான் எதை எழுதறது?"

ஆய்வு முறைகள் பாடம் அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது. கேட்பவரைத் திருப்திப்படுத்த ஆமாம் சொல்லும் போக்கு, கேட்பவருக்கும் சொல்பவருக்கும் இடையிலுள்ள அதிகார இடைவெளி, நேர்காணலும் வினாநிரலும் வெவ்வேறு தகவல்களைத் தருவது, ஓர் அளவுகோல் தான் அளப்பதாகச் சொல்வதை உண்மையில் அளக்கிறதா என்னும் ஏற்புடைமைச் சிக்கல் என்று பாடநூல் தனித்தனி அத்தியாயங்களில் வைத்திருக்கும் அத்தனையும் ஒரு டீக்கடை பெஞ்சில் அவளுக்குக் கிடைத்தன. அதற்குப் பிறகு அவளுக்கு ஏற்புடைமை என்றால் என்னவென்று நான் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை.

ஆய்வுக்கூடத்துக்கு வருவோம். ஏறக்குறைய எல்லா உளவியல் துறையிலும் முல்லர்-லயர் பலகை ஒன்று இருக்கும். இரண்டு கோடுகள். ஒன்றின் முனைகளில் சிறகுகள் உள்ளே மடங்கியிருக்கும், மற்றதில் வெளியே விரிந்திருக்கும். நீளம் சமம்தான், ஆனால் விரிந்த சிறகுள்ள கோடு நீளமாகத் தெரியும். ஜெர்மானியரான ஃபிரான்ஸ் முல்லர்-லயர் 1889-ல் காட்டிய மாயத்தோற்றம் இது. மாணவர்கள் ஜோடி ஜோடியாக உட்கார்ந்து, பலகையை இழுத்து, மில்லிமீட்டரில் பிழையை அளந்து, சராசரி போட்டு, நோக்கம், கருவிகள், செய்முறை, முடிவு என்று ரெக்கார்டில் எழுதுவார்கள். முடிவு என்ன வர வேண்டும் என்பது சீனியரின் ரெக்கார்டில் முன்பே இருக்கும். எண் வேறு மாதிரி வந்தால் ரப்பர் எடுத்து அழிக்கிற பிள்ளைகளை எல்லாக் கல்லூரியிலும் பார்க்கலாம்.

இதே சோதனையை 120 ஆண்டுகளுக்கு முன்பு நீலகிரியில் ஒருவர் செய்தார் என்பது அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தெரியாது. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த மருத்துவர் டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ், 1898-ல் ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே டோரஸ் நீரிணைத் தீவுகளுக்குப் போன ஆய்வுக் குழுவில் இருந்தவர். 1901-02-ல் அவர் நீலகிரிக்கு வந்து அங்குள்ள பழங்குடியினரான தோடர்களிடையே ஆய்வு செய்தார். பார்வைக் கூர்மை, நிறம் பிரித்தறிதல், மாயத்தோற்றங்கள் என்று பலவற்றைச் சோதித்தார். முடிவுகளை 1905-ல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் சைக்காலஜியில் வெளியிட்டார். அடுத்த ஆண்டு தோடர்களைப் பற்றிய பெரிய நூலும் வந்தது.

காட்டில் வாழ்பவர்களுக்குப் புலன்கள் மட்டும் விலங்குகளைப்போலக் கூர்மையாக இருக்கும், அறிவு அதற்கேற்பக் குறைந்திருக்கும் என்று அன்றைய ஐரோப்பாவில் படித்தவர்களே நம்பினார்கள். ரிவர்ஸின் அளவீடுகள் அந்த நம்பிக்கைக்கு இடம் தரவில்லை. இன்னொன்றும் தெரிய வந்தது. முல்லர்-லயர் கோடுகளில் ஆங்கிலேயர் ஏமாந்த அளவுக்குத் தோடர்கள் ஏமாறவில்லை. செங்குத்துக் கோடு கிடைக்கோட்டைவிட நீளமாகத் தெரியும் மற்றொரு தோற்றத்திலோ அவர்கள் ஆங்கிலேயரைவிடக் கூடுதலாக ஏமாந்தார்கள். மொத்தமாக ஒருவர் மேல், ஒருவர் கீழ் என்று சொல்ல முடியாதபடி இரண்டு சோதனைகளும் எதிரெதிர்த் திசையில் போயின. இரண்டாவது சோதனையை அவர் செய்யாமல் விட்டிருந்தால் தோடர்களைப் பற்றி என்னென்ன எழுதியிருப்பார்கள் என்று வகுப்பில் கேட்பேன்.

1960-களில் வெளியான ஆய்வில் சீகல், கேம்பெல், ஹெர்ஸ்கோவிட்ஸ் என்ற மூவர் ஆப்பிரிக்கா, பிலிப்பைன்ஸ், அமெரிக்கா எனப் பல இடங்களில் இதே மாயத்தோற்றங்களை விரிவாகச் சோதித்திருந்தார்கள். மூலைகளும் செங்கோணங்களும் நிறைந்த கட்டடங்களுக்குள் வளர்கிறவர்களின் கண் அதற்கேற்பப் பழகுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். தோடர்களின் பழைய வீடுகள் பாதிப் பீப்பாய் போல வளைந்தவை என்பதை நினைத்துப் பாருங்கள். ஆனால் அந்த விளக்கத்தை எல்லோரும் ஏற்கவில்லை. விவாதம் இன்றும் நடக்கிறது. இவ்வளவும் அந்த மரப்பலகைக்குப் பின்னால் இருக்கிறது. ஊட்டிக்குச் சுற்றுலா போய்வந்த மாணவி, அந்த மலையில்தான் தன் ரெக்கார்டின் முதல் சோதனைக்கு உலகம் மேற்கோள் காட்டும் ஒரு பதில் கிடைத்தது என்று அறியாமலே பட்டம் வாங்கிவிடுகிறாள். அவள் ரப்பரால் அழித்த எண்ணில்கூட ஏதாவது இருந்திருக்கலாம்.

ரிவர்ஸ் நூலில் இன்னொரு பகுதியையும் படிக்கச் சொல்வேன். புனிதச் சடங்குகளைப் பற்றித் தன்னிடம் சொன்ன தோடர்கள் சிலருக்குப் பின்னர் துன்பங்கள் நேர்ந்தன என்றும், ரகசியத்தை வெளியே சொன்னதுதான் காரணமென்று அவர்கள் கருதினார்கள் என்றும் அவரே எழுதியிருக்கிறார். ஆய்வாளர் ஊர் திரும்பிவிடுகிறார், பதில் சொன்னவர் அங்கேயே இருக்கிறார். நம் மாணவர்களின் சிறு ஆய்வுக்கும் இது பொருந்தும். சூப்பர்வைசரைப் பற்றி ஒரு செக்யூரிட்டி சொன்னதைப் பெயரை மட்டும் நீக்கிவிட்டு எழுதினால் போதுமா? அந்த வாசலில் இரவுக் காவலுக்கு இருப்பவர் ஒரே ஆள் என்றால்?

அதே காலத்தில் மெட்ராஸ் அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டனும் அளந்துகொண்டிருந்தார். மூக்கின் நீள அகலத்தையும் மண்டையின் சுற்றளவையும் கருவி வைத்து அளந்து, தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909-ல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். கருவி துல்லியமாக இருக்கலாம், எண்கள் தசமப் புள்ளியோடு இருக்கலாம். மூக்கின் அகலம் ஒருவருடைய குணத்தையோ தகுதியையோ சொல்லும் என்பதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. இருந்தும் அந்த எண்கள் மனிதரைத் தரம்பிரிக்க உதவின.

இது பழைய கதை என்று தள்ள முடியவில்லை. எங்கள் பகுதிக் குடியிருப்புகளிலும் பள்ளிகளிலும் குழந்தையின் கைரேகையை ஸ்கேன் செய்து அதன் பிறவி அறிவுத்திறனையும் அது எந்தப் பாடத்தில் ஜொலிக்கும் என்பதையும் சொல்வதாக ஒரு சோதனையை ஆயிரக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு நடத்துகிறார்கள். டி.எம்.ஐ.டி. என்று பெயர். வண்ண வண்ண வரைபடங்களோடு தடித்த அறிக்கை வரும். இதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று இந்திய மனநல மருத்துவர் சங்கம் சொல்லியிருக்கிறது. ஆனாலும் பொறியியல் படித்த பெற்றோர்கள்கூட வரிசையில் நிற்கிறார்கள், குழந்தைக்கு நல்லது செய்கிற பதைப்பில். அவர்களிடம் போய், "இதே குழந்தைக்கு ஆறு மாதம் கழித்து எடுத்தாலும் இதே பதில் வருமா? இந்த அறிக்கை சொன்னபடி நடந்ததா என்று யாராவது பின்தொடர்ந்து பார்த்தார்களா? ரேகையை மாற்றி வைத்துக் கொடுத்தாலும் இந்த அறிக்கை பொருந்துவதுபோலவே தோன்றாதா?" என்று கேட்பதற்கு ஓர் இருபது வயது உளவியல் பட்டதாரிக்குத் தெம்பு இருக்க வேண்டும். நம் மாணவர்களில் பெரும்பாலோர் உளவியலாளர் ஆகப்போவதில்லை. மனிதவளத் துறைக்கு, பள்ளிக்கு, வங்கிக்கு, வீட்டுக்குப் போவார்கள். போகிற இடத்திலெல்லாம் இந்தக் கேள்விகள் அவர்களுக்குப் பயன்படும்.

நெறிமுறையைப் பற்றி ஒரு சம்பவம் சொல்லியாக வேண்டும். ஒரு மாணவி, மனச்சோர்வை அளக்கும் பி.ஹெச்.க்யூ.-9 என்ற ஒன்பது கேள்விப் படிவத்தைக் கூகுள் ஃபார்மில் போட்டுக் கல்லூரி நண்பர்களுக்கு அனுப்பியிருந்தாள். ஒன்பதாவது கேள்வி, இறந்துவிட்டால் தேவலை என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ எண்ணம் வருகிறதா என்பது. ஒருவர் 'ஏறக்குறைய தினமும்' என்று குறித்திருந்தார். பெயர் கேட்கவில்லை, மின்னஞ்சல் பதிவாகவில்லை. மாணவி போனைக் கையில் பிடித்துக்கொண்டு என் அறைக்கு வந்தபோது அவள் கை நடுங்கியது. யாரென்று தெரியாத ஒருவர் உதவி கேட்டிருக்கிறார், அவரைச் சென்றடைய வழியே இல்லை. அந்தப் படிவம் போன எல்லாக் குழுக்களுக்கும் அன்றே உதவி எண்களோடு செய்தி அனுப்பினோம். அதற்கு மேல் எங்களால் எதுவும் செய்ய முடியவில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ல் வெளியிட்ட தேசிய நெறிமுறை வழிகாட்டுதல்கள் சமூக, நடத்தை ஆய்வுகளையும் உள்ளடக்கியவை. ஒப்புதல், ரகசியம் காத்தல், பங்கேற்பவருக்கு நேரக்கூடிய தீங்கை முன்கூட்டியே யோசித்தல் எல்லாம் அதில் இருக்கின்றன. இளநிலை ப்ராஜெக்ட்தானே என்று பல இடங்களில் யாரும் அதைத் திறப்பதில்லை. முதலாமாண்டு மாணவர்களில் பலருக்குப் பதினெட்டு நிறையவில்லை, அவர்களிடம் கேட்கப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்பதுகூட நினைவுக்கு வருவதில்லை. துறையில் மூன்று ஆசிரியர்களும் வெளியிலிருந்து ஒருவரும் உட்கார்ந்து ஒவ்வொரு வினாத்தாளையும் அரை மணி நேரம் படித்தால் போதும். தற்கொலை எண்ணத்தைத் தொடும் கேள்வியைப் பின்தொடரும் ஏற்பாடு இல்லாமல் யாரும் கேட்கக் கூடாது. மனநலம் தொட்ட எந்தப் படிவமானாலும் அரசின் டெலி-மானஸ் 14416, தமிழ்நாட்டின் 104 ஆகிய உதவி எண்கள் முதல் வரியிலேயே இருக்க வேண்டும். இதில் எனக்குச் சமரசமே இல்லை.

இனி, ப்ராஜெக்ட்டை என்ன செய்யலாம் என்பது. 2015-ல் பிரையன் நோசெக்கின் தலைமையில் இருநூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள் சேர்ந்து, முன்னணி இதழ்களில் வந்த 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். மூல ஆய்வுகளில் 97 விழுக்காடு புள்ளியியல் கணக்கில் தேறியவை. திரும்பச் செய்தபோது தேறியவை 36 விழுக்காடு. உளவியலுக்கு இது அவமானம் என்று சிலர் சொன்னார்கள். தன் வீட்டைத் தானே சோதனை போட்ட துறை என்று நான் பெருமைப்படுகிறேன். அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பு ஹென்ரிக், ஹைன், நோரன்சயான் மூவரும் இன்னொன்றை எடுத்துக்காட்டியிருந்தார்கள்: முன்னணி இதழ்களின் ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் 96 விழுக்காட்டினர், உலக மக்கள்தொகையில் 12 விழுக்காடே உள்ள நாடுகளைச் சேர்ந்தவர்கள். பாடநூலில் 'மனிதர்கள் இப்படி' என்று எழுதியிருப்பதில் பெரும்பகுதி மேற்கத்தியக் கல்லூரி மாணவர்கள் இப்படி என்பதுதான்.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் தென்சென்னை மாணவர்களுக்கு உலகத் தரத்தில் வேலை காத்திருப்பது தெரியும். அறுபது மாணவர்கள் அறுபது தலைப்பில் ஆளுக்கு நூறு ஃபார்ம் நிரப்புவதை நிறுத்துங்கள். வகுப்பு மொத்தமும் ஒரே ஒரு பழைய ஆய்வை எடுத்து, என்ன எதிர்பார்க்கிறோம், எப்படிக் கணக்கிடுவோம் என்பதை முன்கூட்டியே எழுதித் துறைத் தலைவரிடம் கொடுத்துவிட்டு, தமிழில் நேரில் கேட்டுச் செய்து பார்க்கட்டும். அமெரிக்காவில் இளநிலை மாணவர்களை வைத்தே இப்படி ஆய்வுகளைத் திரும்பச் செய்யும் கிரெப் என்ற கூட்டு முயற்சி இருக்கிறது. நமக்கும் முடியும். ஜாஸ்ப் என்ற மென்பொருள் இலவசம், கல்லூரியின் பழைய கணினியிலும் ஓடும், ப்ராஜெக்ட் சென்டருக்குப் போக வேண்டாம். கருதுகோள் பொய்த்துப்போனால் மதிப்பெண்ணைக் குறைக்கக் கூடாது. பொய்த்ததை ஒளிக்காமல் எழுதியவருக்குக் கூட்டியே கொடுக்க வேண்டும். ரப்பரைப் பிள்ளைகள் கையிலிருந்து பிடுங்க எனக்குத் தெரிந்த ஒரே வழி அது.

மாணவர்கள் கணக்குக்குப் பயப்படுகிறார்களே என்பார்கள். அந்தப் பயத்தைப் போக்கக்கூடியவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். சென்னைக் கணிதவியல் நிறுவனம் 2005-லிருந்து சிறுசேரியில்தான் இருக்கிறது. பக்கத்து மென்பொருள் நிறுவனங்களில் செயலியின் ஒரு பொத்தானை இடம் மாற்றுவதற்குக்கூடப் பயனர்களைக் குலுக்கலில் இரு குழுவாகப் பிரித்து ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். சோதனைக் குழு, கட்டுப்பாட்டுக் குழு என்பது அவர்களுக்குத் தினசரி வேலை. அவர்களில் இருவரை வகுப்புக்கு அழைப்பது ஒரு போன் தூரம்.

பொறுமைக்கு முன்னுதாரணமும் நம் ஊரிலேயே இருக்கிறது. 1981-ல் சென்னையில், முதன்முறையாக மனச்சிதைவு நோய் கண்ட 90 பேரைப் பின்தொடரும் ஆய்வு தொடங்கியது. மருத்துவர் ஆர். தாராவும் அவருடைய குழுவினரும் பத்து ஆண்டுகள் கழித்தும், இருபது ஆண்டுகள் கழித்தும் அவர்களைத் தேடிப்போய்ப் பார்த்தார்கள். நோயின் போக்கோடு வேலை, திருமணம், குடும்பம் என்று வாழ்க்கையையும் பதிவு செய்தார்கள். வீடு மாறியவர்களை, ஊர் மாறியவர்களைத் தேடிக் கண்டுபிடிப்பது என்றால் எத்தனை தெருக்கள் என்று யோசித்துப் பாருங்கள். மருத்துவர் சாரதா மேனன் 1984-ல் நிறுவிய ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆய்வு அமைப்பின் பெயரை உலகம் அறிவதற்கு இந்த மெட்ராஸ் ஆய்வும் ஒரு காரணம். வளரும் நாடுகளில் இந்த நோயின் போக்கு எப்படி என்று பேசுகிறவர்கள் இதைத் தாண்டிப் போக முடியாது. 90 பேர்தான். ஆனால் யார் அந்த 90 பேர், எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள், யார் விட்டுப்போனார்கள் என்பது எழுதப்பட்டிருக்கிறது. கூகுள் ஃபார்மில் வந்த நூறு பேரைப் பற்றி நம்மால் அப்படி ஒரு வரி எழுத முடியுமா?

1943-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை தொடங்கியதிலிருந்து கணக்கிட்டால் எண்பது ஆண்டுகள் தாண்டிவிட்டன. 2025-ல் பல்கலைக்கழக மானியக் குழு, உளவியலைத் தொலைநிலை வழியிலும் ஆன்லைனிலும் நடத்துவதை நிறுத்தச் சொன்னது. நேரில் வந்து கற்க வேண்டிய படிப்பு என்று அரசே சொன்ன பிறகு, நேரில் வந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாம் கொடுப்பது சீனியரின் ரெக்கார்டு நோட்டாக இருக்கக் கூடாது.

பல்கலைக்கழகங்களின், தன்னாட்சிக் கல்லூரிகளின் பாடத்திட்டக் குழுக்களுக்கு என் வேண்டுகோள் இது. வரும் ஜூனிலேயே ஆய்வு முறைகளை முதல் பருவத்துக்குக் கொண்டுவாருங்கள். புள்ளியியலையும் ஆய்வுக்கூடத்தையும் அதோடு இணைத்து ஆறு பருவமும் நடத்துங்கள். வாரத்தில் ஒரு மதியத்தை வகுப்புக்கு வெளியே ஒதுக்குங்கள். சிப்காட் பூங்காவின் நிறுவனங்களுக்கும் ஒன்று கேட்கிறேன்: மாணவர்கள் அனுமதி கேட்டு வந்தால் நீங்கள் தேர்ந்தெடுத்த ஊழியர்களை மட்டும் அனுப்பாதீர்கள். துடைப்பத்தோடு நிற்கிறவரிடமும், வாசலில் நிற்கிறவரிடமும் பேச விடுங்கள், சூப்பர்வைசர் பக்கத்தில் இல்லாமல்.